பீடச் சுவரில் எங்கள் படி

எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் நரகத்தில் வெந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி எனக்கு மில் பஸ்ஸில் கிடைத்தது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அப்போது வேலை பார்த்தேன். ஷிப்டு முடிந்து ஏறியவளை, எங்கள் ஊர்க்காரி ஒருத்தி பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"ஒங்க தாத்தாவப் பாத்தோம்டி. கோயில் செவத்துல இருக்காரு. நல்லாப் பதமா வெந்துட்டாரு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து எல்லோரும் ஒன்றாகச் சிரித்தால் அது நல்லதில் முடிந்ததில்லை.

வடமதுரையிலிருந்து மேற்கே, மானாவாரிக் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். எல்லோரும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஊருக்குப் பெரியவர் மிக்கேல் சம்மனசு, பாவ புண்ணியத்தைத் தராசில் நிறுக்கும் வானதூதர். அவருடைய கோயிலை வெளியூர்க்காரர் பார்த்தால் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முகப்பு வெள்ளைக்காரன் ஊர்க் கோயில் போலக் கூம்பி நிற்கும். பின்னால் சுற்றிப் போனால் ஓட்டுக் கொட்டகைதான். ஆனால் உள்ளே வந்து நின்று பார்க்க வேண்டும். தூண் தலைப்பில் திராட்சைக் கொடிக்குப் பதில் வாழைப்பூ தொங்கும். பீடத்துக்கு மேலே வளைவில் கிளிகள் கொத்திக்கொண்டிருக்கும். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த காரை; கோடையில் கன்னத்தை வைத்தால் பானையில் வைத்தது மாதிரி இருக்கும். சின்ன வயதில் பிரசங்கம் நீண்டால் நான் அப்படித்தான் தூங்குவேன்.

இந்தச் சுவர்களுக்கு வருடம் தவறாமல் திருவிழாவுக்கு முன்னால் ஊரே கூடிச் சுண்ணாம்பு அடிக்கும். யார் முதலில் ஆரம்பித்தார்கள், எத்தனை பூச்சு ஏறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சுவர் தடித்துக்கொண்டே வந்தது. அந்த வருடம்தான் எங்கள் மாமா, "இன்னும் எத்தன காலத்துக்கு இந்தச் சுண்ணாம்பு? கோயிலுக்கு டிஸ்டம்பர் அடிப்போம். செலவு என்னோடது" என்று எழுந்தார்.

மாமா என்றால் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என் அப்பாவுக்கு மச்சான். புதிதாக லாரி வாங்கியிருந்தார். அவரும் அப்பாவும் கேலி பேசாமல் ஒரு நாள்கூடப் போனதில்லை. மாமன் மச்சான் கேலிக்கு எல்லை ஏது? எல்லை எங்கே இருந்தது என்று தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

டிஸ்டம்பர் பிடிக்க வேண்டுமென்றால் பழைய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும் என்றார் திண்டுக்கல்லிலிருந்து வந்த பெயிண்டர். பீடத்துக்குப் பின்சுவரில் சாரம் கட்டி, தண்ணீர் தெளித்துத் தகட்டால் சுரண்ட ஆரம்பித்தார். பத்தை பத்தையாக உதிர்ந்தது. வெள்ளைக்கு அடியில் நீலம் போட்ட வெள்ளை, அதற்கடியில் மஞ்சள். அதற்கும் அடியில் ஒரு கண்.

முதலில் வெளிப்பட்டது சம்மனசுதான். காவியிலும் மஞ்சளிலும் வரைந்த இறக்கைகள், முகம் நம் பக்கத்து முகம், கையில் தராசு. ஊரே புதுமை, அற்புதம் என்று மெழுகுதிரி ஏற்றியது. மறுநாள் கீழே சுரண்டினார். எலும்பு துருத்திய விலாக்கள், மேலே நீட்டிய கைகள், சிவப்பாக நெருப்பு. நெருப்புக்கு மேல் கன்னங்கரேலென்று ஒரு உருவம், கையில் சூலம் போல நீளக் கம்பு. சம்மனசின் தராசுக்குக் கீழே இப்படி இருந்தால் அது நரகம், கறுப்பு உருவம் பிசாசு என்று ஞான உபதேசம் படித்த சிறுபிள்ளையும் சொல்லும். அந்த நெருப்புக்குப் பக்கத்தில், கைகளுக்கு நடுவே, அரிசி அளக்கிற ஒரு படி. வாயில் பித்தளைப் பூண். பக்கவாட்டில் ஒரு வளையம்.

வளையம் வைத்த படி எங்கள் வீட்டில் மட்டும்தான் உண்டு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருவிழா அன்று கோயில் வெளியில் ஊருக்கே கறி விருந்து. வீட்டுக்கு வீடு அரிசி வரும், நேர்ந்துவிட்ட கிடா வரும். பாயில் குவித்த அரிசியிலிருந்து முதல் படியை அள்ளி, கொதிக்கிற அண்டாவில் போடும் உரிமை எங்கள் வீட்டுக்கு. எங்கள் வீட்டுப் படியில், எங்கள் வீட்டு ஆண் கையால். எதனால் என்று கேட்டால், "ஆதியில ஊருக்குச் சோறு போட்ட வீடு" என்பார் அப்பா. மற்ற நாளெல்லாம் அந்தப் படி எங்கள் வீட்டுச் சாமி சுரூபத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். வளையம் எதற்கென்றால் தொங்கவிடத்தான் என்பார்.

அப்போது மழை பொய்த்து வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் கிணற்றில் பாறைதான் தெரிந்தது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். என் மில் வேலையில்தான் அடுப்பு எரிந்தது; அப்பாவுக்கு அது தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். தட்டில் போட்டதைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் நன்றாக இருந்த நாளில்கூடக் கேட்டதில்லை. "கை நீட்டுறது நம்ம வீட்டுப் பழக்கமில்ல தாயி" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். பசிக்கு என்ன பழக்கம்? ஆனாலும் திருவிழா அன்று வெளுத்த வேட்டியுடன் அந்தப் படியை ஏந்தி நடப்பார் பாருங்கள், அப்போது எனக்கு எல்லாம் மறந்துவிடும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் முதுகு நிமிர்ந்து பார்த்தேன்.

மாமா டீக்கடையில் ஆரம்பித்தார். "மச்சான், மேல தராசு, கீழ தீ, நடுவுல ஒங்க படி. இதுக்கு மேல வெளக்கம் வேணுமா? ஒங்க பாட்டன் ஊரு அரிசிய அளந்த லட்சணத்தப் பாத்துத்தான் அந்தக் காலத்துச் சாமியாரு எழுதி வச்சிருக்காக."

அப்பாவும் முதலில் சிரித்தார். "நரகத்துலயும் எங்காளுக்குப் படியக் குடுத்து அளக்கச் சொல்லிருக்காக பாரு, அம்புட்டு நம்பிக்கை" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் சிரிப்பு நாலு வீடு சுற்றி வந்தபோது வேறாகிவிட்டது. அந்தப் படியால் போட்ட அரிசியைச் சாப்பிட்டுத்தான் ஊரில் மழை இல்லை என்றார்கள் சிலர். நரகத்தில் கிடக்கிற கையின் வாரிசு சாமி சோற்றைத் தொடலாமா என்றார்கள். மாமாவின் லாரியில் ஏறி இறங்குகிற இளவட்டங்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். கருகிய வாடையாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். பங்குச் சாமியார் புதியவர், வயது குறைவு; வேர்த்துக் கொட்டியது அவருக்கு. அப்பா வீட்டுக்குப் போய்ப் படியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"எங்க படில கொற இருந்தா இங்கயே பாத்துருங்க சாமி. கடைப் படி ஒண்ணு கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். எங்கள் படியில் தலை தட்டி அளந்த அரிசியைக் கடைப் படியில் கொட்டினார்கள். கடைசி மணி வரைக்கும் சரியாக நிரம்பியது. நான் சுற்றி இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தேன், ஒருவருக்காவது வெட்கம் வரும் என்று. மாமா மட்டும் வாயைத் திறந்தார்.

"படி சரிதான் மச்சான். அப்ப, அளந்த கை சரியில்ல."

அப்பா அவர்மேல் பாய்ந்திருப்பார். சாமியார் நடுவில் வந்து நின்று, இந்த வருடம் முதல் படி யாரும் போட வேண்டாம், திருவிழா முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு என்பது எங்கள் ஊரில் எந்நாளும் வந்ததில்லை. அப்பா படியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்னால் நான் நடந்தேன். ஊர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு, வானம் இன்னும் பத்து வருடம் பெய்யாமல் இருக்கட்டும் என்று சாபம்கூட விட்டேன். எங்கள் காடும் அதில்தான் இருக்கிறது என்பது நினைவில் இல்லை.

அந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிப்டு. பகலில் தூங்குவேன். கொடியேற்றத்துக்கு முந்தின நாள் நடுப்பகலில் விழித்தபோது வீடு வெறிச்சென்று இருந்தது. ஜன்னல் திண்டில் எப்போதும் இருக்கும் கல்லுடைக்கிற சுத்தியல் இல்லை. கிணறு வெட்டிய காலத்துச் சுத்தியல். இப்போது அதற்கு வேலையே கிடையாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

பாதித் தெருவில் கோயில் மணி அடித்தது. நேரமில்லாத நேரத்தில் எங்கள் மணி அடித்தால் தீ, இல்லாவிட்டால் சாவு. அடித்தவர் பெயிண்டர். மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், அப்பா சுத்தியலோடு உள்ளே போவதைப் பார்த்துப் பயந்து கயிற்றைப் பிடித்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போது அப்பா சாரத்தின் மேல் தட்டில் நின்றார். நீட்டிய அந்தக் கைகளுக்கு நேராக.

"அப்பா, வேணாம்ப்பா. எறங்குங்க."

"நீ போ தாயி. எங்க வீட்டுக் கைய நானே எடுத்துர்றேன். பெறகு எவன் எதப் பாத்துச் சிரிப்பான்?"

ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கோயில் முழுக்க அதிர்ந்தது. ஏதோ பெரிதாகச் சரிந்து விழுந்தது. மனசுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது: படம், திருவிழா, ஊரோடு எங்களுக்கு இருந்த உறவு எல்லாம்.

கண் திறந்தபோது, அடி கைகளுக்குக் கீழே தவறிப் பட்டிருந்தது. விழுந்து கிடந்தது வெறும் சுண்ணாம்பு. பெயிண்டர் இன்னும் சுரண்டாத கீழ்ப்பகுதி மொத்தமும் பத்தையாகக் கழன்று விழுந்திருந்தது. அப்பா இரண்டாவது அடிக்குச் சுத்தியலைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

வெளியே ஆட்கள் ஓடி வரும் சத்தம். மாமா முன்னால், பின்னால் இளவட்டங்கள் கம்போடு. சாரத்துக்கு ஒரே ஏணி. நான் அதன் கீழ்ப்படியில் ஏறி நின்றுகொண்டேன்.

"வழிய விடு தாயி. கோயிலையே ஒடைக்கிறான் ஒங்கப்பன்."

"ஏறினீங்கன்னா சாரத்த உதறி விட்டுருவேன் மாமா. யாரு விழுந்தாலும் விழட்டும்."

சொன்னபடி செய்திருப்பேனா தெரியாது. ஆனால் மாமா நின்றார். என் முகத்தில் அப்படி ஏதோ இருந்திருக்க வேண்டும். ஒரு பையன் ஏணியை அசைத்தான். என் கால் வழுக்கியது. அப்போது மேலிருந்து சுத்தியல் கீழே விழுந்தது, யார் மேலும் படாமல் தள்ளி. அப்பாதான் போட்டார்.

"மச்சான்" என்றார் மேலிருந்து. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நீ மட்டும் மேல வா. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போ."

நான் வழிவிட்டேன். மாமா ஏறினார். அவர் பின்னாலேயே நானும் ஏறினேன். தனியாக விட எனக்குத் தைரியமில்லை.

நெருப்புக்குக் கீழே மூன்று கல் இருந்தன. கல்மேல், இரு பக்கமும் தீநாக்குகள் மேலே தாவ, மனிதன் உட்காரலாம் போல ஒரு பெரிய பானை. கறுப்பு உருவத்தின் கம்பு அந்தப் பானைக்குள் இறங்கியிருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டால் அந்த உருவத்தின் மார்பைத் துடைத்தார். தாடி வந்தது. தாடிக்குக் கீழே கயிற்றில் தொங்கும் சிலுவை வந்தது.

"சூலம் இல்ல மச்சான். கிண்டுற துடுப்பு" என்றார் அப்பா. "பிசாசும் இல்ல. கறுப்பு அங்கி போட்ட வெள்ளக்காரச் சாமியாரு. தாது வருசத்துப் பஞ்சத்துல கஞ்சித்தொட்டி வச்சாகளே, அது."

வெள்ளைக்காரன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எங்கள் ஊரில் கதை கேட்காத ஆள் இல்லை. புளியங்கொட்டையைத் தின்றார்கள், எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் எடுத்தார்கள் என்பார்கள். ஆனால் எல்லாம் அடுத்த ஊர்க் கதையாகத்தான் சொல்லப்படும். அந்த விலா எலும்புகளைப் பார்த்துப் பாவிகள் என்று நினைத்தோம். பட்டினி என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்மனசின் தராசிலும் இப்போது தெளிவாகத் தெரிந்தது: தாழ்ந்த தட்டில் பாவமோ புண்ணியமோ இல்லை, ஒரு கஞ்சிக் கலயம்.

மாமாவுக்கு முகமெல்லாம் மாறிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். சிரிப்பை நிறுத்தத் தெரியாத மனிதர். சாரத்திலிருந்து குனிந்து கீழே பார்த்துக் கத்தினார்.

"ஏலே, நரகமில்லடா இது! கஞ்சித்தொட்டிடா! மச்சான் வீட்டுப் பாட்டன்தான் படில மோந்து ஊருக்கே கஞ்சி ஊத்துறாரு! நாமதான்டா பாவிப் பயலுக!"

கீழே கம்புகள் தாழ்ந்தன. யாரோ ஒருவர் "மிக்கேல் சம்மனசே" என்று கும்பிட்டார். அந்த இடத்தில் விட்டிருந்தால் போதும். அப்பாவின் மரியாதை பத்து மடங்காகத் திரும்பியிருக்கும்; ஆதியில் ஊருக்குச் சோறு போட்ட வீடு என்பதற்குச் சம்மனசே சாட்சி. கீழே இருந்தவர்களுக்கு அந்த உயரத்தில் வேறெதுவும் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தது. அப்பா துடைத்துக்கொண்டே வந்த இடத்தில், படியின் வளையத்திலிருந்து ஒரு கயிறு புறப்பட்டது. அது போய், படியைப் பிடித்திருந்த எலும்பு மனிதனின் கழுத்தில் முடிந்தது. அளக்கிற படிக்குக் கயிறு எதற்கு? வழியெல்லாம் நடந்து, விழுந்து எழுந்து, தொலைத்துவிடாமல் கொண்டு வரவேண்டிய பாத்திரத்துக்குத்தான் கயிறு. படியின் வாய் மேலே பார்த்து இருந்தது. உள்ளே வெறுமை. அதற்கு மேலே இன்னொரு கை, அகப்பையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் அந்த மனிதன்தான் முதலில் நின்றான்.

நான் அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். பேசாதீர்கள் என்றுதான் அர்த்தம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவர் பேசாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

அவர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் தொங்கவிட என்று இத்தனை காலம் சொல்லி வந்தவர்.

"ஊத்தல மச்சான்" என்றார், கீழே எல்லோருக்கும் கேட்கும்படி. "வாங்குறாரு."

மாமா அவர் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சுவரை மூடியவர்கள் யார் என்று பிற்பாடு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: கஞ்சி வாங்கிப் பிழைத்தவர்கள்தான் கோயிலைக் கட்டி, நன்றியோடு அந்தப் படத்தை எழுதச் சொல்லியிருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வயிறு நிரம்பியதும், பூசைக்கு வரும்போதெல்லாம் அப்பன் கை நீட்டி நிற்பதைப் பார்க்கக் கூசி, சுண்ணாம்பு வாளியைத் தூக்கியிருப்பார்கள். எங்கள் வீட்டார் முதல் ஆளாகத் தூக்கியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். எங்கள் வீட்டு வீம்பு எனக்குத் தெரியும்.

திருவிழா அன்று சாமியார் அப்பாவைக் கூப்பிட்டு, வழக்கம்போல முதல் படியைப் போடச் சொன்னார். அப்பா வெளுத்த வேட்டியில்தான் வந்தார். படியின் வளையத்தில் புதுக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்து ஒரு வாயும் சிரிக்கவில்லை.

"அரிசிய நீ போடு மச்சான். சோறு வெந்ததும் மொதல்ல எனக்கு ஊத்து" என்றார்.

மாமா மறுத்தார். நான் போடலாமா, எனக்கென்ன உரிமை என்று பின்வாங்கினார். அப்பா விடவில்லை. சோறு வெந்ததும் வரிசையில் முதலில் போய் நின்று, படியை இரண்டு கையாலும் நீட்டினார். மாமா அவர் முகத்தைப் பார்க்காமல் அகப்பையைச் சாய்த்ததில் பாதிச் சோறு வெளியே விழுந்தது. அப்பா அங்கேயே நின்று, படியிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டார். பிறகுதான் மற்றவர்கள் வரிசைக்கு வந்தார்கள். எங்கள் பங்காளிகளில் இரண்டு வீட்டார் அன்றைக்கு விருந்தில் உட்காரவில்லை. குலத்தையே கை நீட்ட வைத்துவிட்டான் என்று பல வருடம் பேச்சில்லாமல் இருந்தார்கள். பின்சுவருக்கு மட்டும் டிஸ்டம்பர் அடிக்கவில்லை.

மறுநாள் காலை ஷிப்டு விட்டு வந்து, சோறாக்கி அப்பாவுக்குப் போட்டேன். அகத்திக்கீரையும் குழம்பும்தான். நான் அடுப்புப் பக்கம் திரும்பிப் பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். எழுந்திருக்கும் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது தட்டை என்னை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடு தாயி" என்றார்.